குடத்தைத் தூக்கிக் காட்டு: உத்திரமேரூரும் கேசினோ கேம்களும்

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கேட்டது எங்க பெரியம்மா பையன், எனக்கு அண்ணன் முறை. பொங்கல் லீவுக்கு உத்திரமேரூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீ குடிச்சிட்டு நிக்கும்போது போனை என் கையில குடுத்துட்டுக் கேட்டாரு: "நீ சாஃப்ட்வேர்லதானடா இருக்க? இந்த ஆப் ஏமாத்துதா இல்லையான்னு பாத்துச் சொல்லு."

கேசினோ ஆப். ரூலெட் சக்கரம், ஸ்லாட், சீட்டு எல்லாம் இருக்கு. ஏழு மாசத்துல 1,40,000 ரூபாய் போயிருக்கு. அதுல ஒரு பகுதி அண்ணியோட வளையலை அடகு வச்ச காசு. பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது. "பேர் மட்டும் சொல்லாத, மத்தபடி பேசிக்கோ"ன்னு அவரே சொன்னதாலதான் இங்க பேசுறேன்.

எனக்கு அந்த நிமிஷம் பதில் தெரியல. ஏன் தெரியலங்கறதுதான் இன்னிக்கு விஷயம்.

கேசினோவை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்றது புதுசு இல்ல. வீட்டுக் கம்ப்யூட்டர் வந்த காலத்துல இருந்தே இருக்கு. 1989-ல "ட்ரம்ப் கேசில்"னு ஒரு கேம் வந்துச்சு. ஆமா, அதே ட்ரம்ப்தான். அட்லாண்டிக் சிட்டியில அவர் நடத்தின கேசினோவோட பேர்ல வந்த கேம் அது. அப்புறம் சியரா கம்பெனியோட "ஹாய்ல்" வரிசை. சீட்டாட்ட விதிகளை எழுதி வச்ச எட்மண்ட் ஹாய்ல்ங்கற 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரோட பேர். இதுல எல்லாம் நீங்க வைக்கிறது பொய்க் காசு. தீர்ந்துபோச்சுன்னா கேமை மறுபடி ஆரம்பிச்சா போதும். சிடி வித்தவுடனே கம்பெனிக்குக் கணக்கு முடிஞ்சிடுச்சு. நீங்க ஜெயிச்சா அவங்களுக்கு நஷ்டமும் இல்ல, தோத்தா லாபமும் இல்ல. ஏமாத்த அவங்களுக்கு ஒரு காரணமும் கிடையாது.

நானும் அப்படி ஒண்ணு எழுதியிருக்கேன். இன்ஜினியரிங் முதல் வருஷம், லேப்ல டர்போ சி பிளஸ் பிளஸ். அந்த நீல ஸ்க்ரீன் பாத்தவங்களுக்குத் தெரியும். ஒரு ரூலெட் கேம் எழுதினேன். பூஜ்யத்துல இருந்து 36 வரைக்கும் ஒரு நம்பர் விழும், ஜெயிச்சவனுக்குத் தோத்தவன் கேன்டீன்ல டீ வாங்கித் தரணும். ரெண்டாவது நாளே பக்கத்து பெஞ்ச் பையன் ஒருத்தன் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பிச்சான். அஞ்சு தடவை, ஆறு தடவை. எப்படின்னா, ஒவ்வொரு தடவை ப்ரோக்ராமை ரன் பண்ணும்போதும் நம்பர்கள் அதே வரிசையிலதான் விழுந்துச்சு. அவன் நோட்டுல எழுதி வச்சிருந்தான். அன்னிக்கு மொத்தம் பதினோரு டீ வாங்கிக் குடுத்தேன்.

இது ஏன் நடந்துச்சு? கம்ப்யூட்டருக்குத் தானா குலுக்கத் தெரியாது. அது கணக்கு மட்டும்தான் போடும். ஒரு ஆரம்ப நம்பரைக் குடுத்தா, அதைப் பெருக்கி, கூட்டி, வகுத்து, பாக்குறதுக்குக் கன்னாபின்னான்னு தெரியிற ஒரு நம்பர் வரிசையைத் தரும். அந்த ஆரம்ப நம்பருக்கு 'சீட்', அதாவது விதைன்னு பேர். ஒரே விதை போட்டா ஒரே வரிசைதான் முளைக்கும். சி மொழியில நீங்க விதையைச் சொல்லலைன்னா அது எப்பவுமே 1-ன்னு வச்சிக்கும். நான் சொல்ல மறந்துட்டேன், அவ்வளவுதான்.

இது காலேஜ் பையன் பண்ற தப்புன்னு சிரிக்காதீங்க. உண்மையான காசு புழங்கின இடத்துலயும் இதோட பெரியப்பா நடந்திருக்கு. 1999. இன்டர்நெட்ல காசு வச்சு போக்கர் ஆடுற முதல் தளங்கள்ல ஒண்ணு பிளானெட் போக்கர். அதுக்கு சாஃப்ட்வேர் குடுத்தது ஏஎஸ்எஃப் சாஃப்ட்வேர்ங்கற கம்பெனி. நாங்க எவ்வளவு நேர்மையா சீட்டைக் கலைக்கிறோம் பாருங்கன்னு, கலைக்கிற கோடை அவங்களே வெளியிட்டாங்க. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ்ங்கற கம்பெனியில சில பேர் உக்காந்து அதைப் படிச்சாங்க.

52 சீட்டை அடுக்கக்கூடிய வழிகளோட எண்ணிக்கை, 8-க்கு அப்புறம் 67 பூஜ்யம் போட்டா வர்ற அளவு. ஆனா இவங்க விதையா எடுத்தது அன்னிக்கு நள்ளிரவுல இருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆச்சுங்கற நம்பர். ஒரு நாள்ல மொத்தமே 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்ட்தான். சர்வர் கடிகாரத்தோட நேரத்தை ஓரளவு சரியா கணிச்சா, அது ரெண்டு லட்சம் வாய்ப்பா சுருங்கிடும். உங்க கையில ரெண்டு சீட்டு, டேபிள்ல மூணு சீட்டு தெரிஞ்சா போதும். மத்த எல்லார் கையிலயும் என்ன இருக்கு, அடுத்து என்ன விழும்னு அவங்க ப்ரோக்ராம் ஆட்டம் நடக்கும்போதே சொல்லிடுச்சு. ஏஎஸ்எஃப் வேணும்னு ஏமாத்தல. ஆனா ஆடுற ஒருத்தருக்கும் அது தெரியிறதுக்கு வழியே இல்லாம இருந்துச்சு, கோடை வெளியிடுற வரைக்கும்.

வேணும்னே பண்ணின கதையும் இருக்கு. அமெரிக்காவுல மல்டி ஸ்டேட் லாட்டரி அசோசியேஷன்ல எடி டிப்டன்னு ஒருத்தர். தகவல் பாதுகாப்புக்கே அவர்தான் டைரக்டர். குலுக்கல் மெஷினுக்குள்ள போற கோடை எழுதினதும் அவரே. வருஷத்துல குறிப்பிட்ட சில நாள்ல மட்டும், எந்த நம்பர் விழும்னு தனக்கு முன்னாடியே கணிக்க முடியிற மாதிரி ஒரு துண்டு கோடை உள்ள செருகி வச்சார். 2010 டிசம்பர்ல 1 கோடியே 65 லட்சம் டாலர் ஜாக்பாட். டிக்கெட் வாங்கினதும் அவர்தான்னு கடை கேமராவுல இருந்த உருவமும் குரலும் காட்டிக் குடுத்துச்சு. 2017-ல அவருக்கு 25 வருஷம் வரைக்கும் சிறைன்னு தீர்ப்பு வந்துச்சு.

இப்ப அந்த டீக்கடைக்கே திரும்ப வருவோம். அண்ணன் கேட்டதுக்கு பதில் தெரியாம நான் எதிர்ல இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் பாத்துட்டிருந்தேன். சின்ன வயசுல லீவுக்கு வரும்போது அந்த மண்டபத்துலதான் ஓடிப்பிடிச்சு விளையாடுவோம். அந்தச் சுவர்ல என்ன எழுதியிருக்குன்னு ஸ்கூல் புக்ல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சதோட சரி: குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன், 919, 921, முடிஞ்சுது.

ஆனா அதை ஒரு ஸ்பெக் டாக்குமென்ட் படிக்கிற மாதிரி படிச்சுப் பாருங்க. நான் சமீபத்துலதான் வெங்கய்யா மொழிபெயர்ப்பு வழியா முழுசாப் படிச்சேன். கல்வெட்டை ஆராய்ஞ்சு 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையில எழுதினவர் அவர். படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இது குலுக்கல்ல திருட்டு நடக்காம இருக்க எழுதின ப்ரோட்டோகால்.

ஊரை முப்பது குடும்பா பிரிச்சிருக்காங்க. இன்னிக்கு வார்டுன்னு சொல்றோமே, அது. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி இருக்கிறவங்க பேரை ஓலையில எழுதி, ஒரே கட்டாக் கட்டி, எந்தக் குடும்புன்னு மேல ஒரு வாயோலை வச்சு, குடத்துல போடணும். குடம் எடுக்கிற நாள்ல சபை முழுசும் கூடணும், சின்னவங்க பெரியவங்க எல்லாரும். அன்னிக்கு ஊர்ல இருக்கிற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம உள்மண்டபத்துல உக்காரணும். அவங்கள்ல வயசுல மூத்தவர் எழுந்து நின்னு, எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிக்கணும். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரிச்சு வேற ஒரு காலிக் குடத்துல போட்டுக் குலுக்கணும். அதுல இருந்து அந்தப் பையனே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில குடுக்கணும்.

அடுத்த வரியிலதான் எனக்கு சிலிர்த்துச்சு. மத்தியஸ்தன் அந்த ஓலையை வாங்கும்போது அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். வாங்கி சத்தமாப் படிக்கணும். அவர் படிச்ச அதே ஓலையை அங்க இருக்கிற நம்பிமார் எல்லாரும் மறுபடி படிக்கணும். அதுக்கப்புறம்தான் அந்தப் பேரை எழுதிக்கணும்.

ஏன் அஞ்சு விரல்? விரல் இடுக்குல வேற ஓலையை மறைச்சு வச்சு மாத்திடக் கூடாதுன்னுதானே இருக்கணும். இன்னிக்குக் கேசினோவுல டீலர் டேபிளை விட்டு எழுந்து போகும்போது ரெண்டு கையையும் தட்டி, விரிச்சு, மேல இருக்கிற கேமராவுக்குக் காட்டிட்டுத்தான் போவாங்க. ஆயிரம் வருஷ இடைவெளியில ரெண்டு இடமும் ஒரே சந்தேகத்துக்கு ஒரே தீர்வைக் கண்டுபிடிச்சிருக்கு.

ஒவ்வொரு படியையும் பாருங்க. ஏன் ரெண்டாவது குடம்? முதல் குடத்துக்குள்ள ஓலையை அடுக்கினவனுக்கு எது எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கலாம், அதனால மறுபடி கலை. ஏன் விஷயம் தெரியாத பையன்? டிப்டன் கதைக்கு பதில் அதுதான்: எடுக்கிறவனுக்கு உள்ள இருக்கிறது தெரியக் கூடாது, முடிவால அவனுக்கு லாபமும் இருக்கக் கூடாது. ஏன் எல்லாரும் திரும்பப் படிக்கணும்? ஒருத்தர் பொய்யாப் படிச்சா மத்தவங்க பிடிச்சிடுவாங்க. யாரோட நல்ல மனசையும் நம்பி இந்த முறை எழுதப்படல.

அப்புறம் இது ரெண்டு வெர்ஷன்ல வந்திருக்குங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பராந்தகனோட 12-ஆம் ஆட்சியாண்டுல ஒரு கல்வெட்டு, 14-ஆம் ஆட்சியாண்டுல அதைத் திருத்தி இன்னொண்ணு. முதல்ல வயசு வரம்பு 30-ல இருந்து 60. திருத்தினதுல 35-ல இருந்து 70. கணக்குக் காட்டாதவங்களுக்கும் அவங்க சொந்தக்காரங்களுக்கும் இடமில்லைன்னு ஒரு பெரிய பட்டியலே இருக்கு. இதுல ஒரு தடவை பதவியில இருந்தவர் மூணு வருஷத்துக்குத் திரும்ப வரக் கூடாது. ரெண்டு வருஷத்துல என்னவோ ஓட்டையைப் பாத்திருக்காங்க, அடைச்சிருக்காங்க.

ரொம்பப் பெருமைப்பட்டுக்கவும் வேண்டாம். இது பிராமணர்களோட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு எல்லாம் இருந்தாத்தான் ஓலையில பேர். பெண்கள் பேர் இல்ல, அந்த நிலத்துல உழுதவங்க பேர் இல்ல. இதை ஜனநாயகம்னு மேடையில பேசுறவங்க இந்த இடத்தை வேகமாத் தாண்டிடுவாங்க. குலுக்கல் நேர்மையா இருந்துச்சு. குடத்துக்குள்ள யார் பேர் போகணுங்கறது முன்னாடியே முடிவாகியிருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க, ஆப்புக்கும் இது பொருந்தும்.

சரி, அண்ணன் ஆப்புக்கு வருவோம். அதுல குடம் எங்க இருக்குன்னே தெரியாது. ஏதோ ஒரு நாட்டுல ஏதோ ஒரு சர்வர்ல இருக்கு. யார் குலுக்கினது, விதை என்ன, ஒண்ணும் தெரியாது. என் கையில இருக்கிறது வெறும் ஸ்க்ரீன். சக்கரம் சுத்துறது அனிமேஷன். முடிவு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. அதனால நேர்மையான பதில்: "ஏமாத்துதான்னு இங்க இருந்து பாத்துச் சொல்ல முடியாது." சில தளங்கள் விதையை முன்கூட்டியே மூடின கவர்ல போட்டுக் குடுக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. ஆட்டம் முடிஞ்சதும் பிரிச்சு சரி பாத்துக்கலாம். இந்த ஆப்புல அதுவும் இல்ல.

அதனால கேள்வியைத் திருப்பிப் போட்டேன். ஆப் துளிகூட ஏமாத்தலன்னே வச்சிக்கலாம். அப்ப என்ன ஆகும்?

ஐரோப்பிய ரூலெட்ல 37 பள்ளம். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சை பூஜ்யம். சிவப்புல நூறு வச்சு ஜெயிச்சா நூறு லாபம். அந்த ஒரே ஒரு பச்சையாலதான் கேசினோ பிழைக்குது. வைக்கிற ஒவ்வொரு நூறுக்கும் சராசரியா 2 ரூபாய் 70 காசு அவங்களுக்குப் போகும். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ராத்திரி பெரியம்மா வீட்டுத் திண்ணையில உக்காந்து பைத்தான்ல அம்பது வரி எழுதினேன். இந்தத் தடவை விதையை மறக்கல. 10,000 பேர், ஒவ்வொருத்தரும் சிவப்புல நூறு நூறா வைக்கிறாங்க, கடன் வாங்கியாவது ஆடிக்கிட்டே இருப்பாங்கன்னு வச்சிக்கோங்க. 100 சுத்து முடிஞ்சதும் பாத்தா, மூணுல ஒருத்தருக்கு மேல லாபத்துல இருக்காங்க. இவங்கதான் "டேய், இது ஒர்க் ஆகுதுடா"ன்னு நண்பனுக்கு லிங்க் அனுப்புறவங்க. அண்ணனும் முதல் வாரம் இதுலதான் இருந்தாரு. 1,000 சுத்துல அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட முழுசா தேற மாட்டாங்க. 10,000 சுத்துல? பத்தாயிரம் பேர்ல முப்பத்து மூணு பேர் பக்கம்தான்.

அண்ணன் வழக்கமா ஒரு சுத்துக்கு ஐநூறு ரூபாய் வப்பாராம். நான் கணக்கைப் பின்னால இருந்து போட்டேன். நேர்மையான சக்கரத்துல சராசரியா 1,40,000 ரூபாய் தோக்கணும்னா, மொத்தமா எவ்வளவு பந்தயம் வச்சிருக்கணும்? 37-ஆல பெருக்கினா 51,80,000. "அரைக் கோடியா? நானா? போடா"ன்னாரு. ஐநூறால வகுத்தா 10,360 சுத்து. ஏழு மாசம், அதாவது சுமார் 210 நாள். ஒரு நாளைக்கு 49 சுத்து. ஒரு சுத்துக்கு பதினஞ்சு செகண்ட்னா, பன்னெண்டு நிமிஷம். ஒரு டீ, ஒரு பீடி.

அவர் ஒண்ணும் பேசல. நானும்தான். அரைக் கோடி ரூபாய் பந்தயம், டெய்லி பன்னெண்டு நிமிஷத்துல. போட்ட காசு கொஞ்சம் ஜெயிச்சு, திரும்ப வச்சு, திரும்பத் தோத்து, சுத்திச் சுத்தி அவ்வளவு ஆயிருக்கு. ஆப் ஏமாத்தியிருக்கலாம், ஏமாத்தாமலும் இருந்திருக்கலாம். ஆனா இந்த 1,40,000 போறதுக்கு அது ஏமாத்தணும்னு அவசியமே இல்ல.

ஸ்லாட் பத்தி ஒரு வார்த்தை. அவர் கடைசி ரெண்டு மாசம் அதுலதான் இருந்தாரு. "ரெண்டு ஏழு வந்துடும்டா, மூணாவது நூலிழையில போயிடும்"னு நிறைய தடவை சொன்னாரு. பழைய இரும்பு மெஷின்ல சக்கரத்துல எத்தனை படம் இருக்கோ அவ்வளவுதான் வாய்ப்பு, கண்ணால எண்ணிடலாம். 1984-ல இங்கே டெல்னெஸ்ங்கறவருக்கு ஒரு பேடன்ட் கிடைச்சுது. முடிவை எலக்ட்ரானிக்கா ஒரு ரேண்டம் நம்பர் எடுக்கும். சக்கரம் அந்த இடத்துல போய் நிக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. கண்ணுக்குத் தெரியிற சக்கரத்துல ஜாக்பாட் படம் இருபத்து சொச்சத்துல ஒண்ணா இருக்கும். உள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பட்டியல்ல அதுக்கு ஒரே ஒரு நம்பரும், அதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற காலி இடத்துக்கு நிறைய நம்பரும் குடுக்கலாம். அப்ப ஜாக்பாட் அடிக்கடி "நூலிழையில" போகும். ஒவ்வொரு சுத்தும் நேர்மையான குலுக்கல்தான். குடத்துக்குள்ள என்னென்ன ஓலை போட்டாங்கங்கறதுலதான் வேலை முடிஞ்சிருக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. 2022-ல நீதியரசர் சந்துரு குழு அறிக்கை, 2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுத் தடைச் சட்டம், அதே வருஷம் நவம்பர்ல ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி ஹைகோர்ட் அதுல ஒரு பகுதியை ரத்து பண்ணுச்சு. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் போட்ட சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையுமே தடை பண்ணுது. ரூலெட் எந்தக் காலத்துலயும் திறமை லிஸ்ட்ல இருந்ததில்ல. அண்ணன் ஆடினது ப்ளே ஸ்டோர்ல வந்த ஆப்பும் இல்ல. டெலிகிராம்ல வந்த லிங்க்.

கணக்கு எல்லாம் காட்டி முடிச்சதும் அண்ணன் லேப்டாப் ஸ்க்ரீனையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் கேட்டாரு: "அந்த முப்பத்து மூணு பேர்ல நான் இருந்தா?"

நான் ப்ரோக்ராமை மறுபடி ஓட்டினேன். முப்பத்தொண்ணு. இன்னொரு தடவை. முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு. மணி பன்னெண்டு ஆச்சு, உள்ள இருந்து பெரியம்மா "இன்னும் தூங்கலையாடா"ன்னு குரல் குடுத்தாங்க. அவர் தானாவே போனை எடுத்து ஆப்பை அழிச்சாரு. வளையல் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு, மாசா மாசம் வட்டி கட்டுறாரு. போன வாரம் புது நம்பர்ல இருந்து வெல்கம் போனஸ்னு ஒரு மெசேஜ் வந்துச்சாம், எனக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு பிளாக் பண்ணிட்டாரு.

அந்த அம்பது வரி கோடை கீழ போட்டிருக்கேன். உங்க பந்தயத் தொகை, ஒரு நாளைக்கு எத்தனை சுத்துங்கறதை மாத்திட்டு ஓட்டிப் பாக்கலாம். விதையை மட்டும் மறந்துடாதீங்க, எனக்கு பதினோரு டீ செலவாச்சு.